உயர் இரத்த அழுத்த மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ளாமை

உயர் இரத்த அழுத்த மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ளாமை என்பது, உயர் இரத்த அழுத்தம் உள்ள ஒருவர் தமக்கு எழுதித் தரப்பட்ட மருந்தைக் குறித்த அளவிலும் குறித்த நேரத்திலும் குறித்த காலம் வரையிலும் உட்கொள்ளாது விடுவதைக் குறிக்கும். மருந்தை வாங்காமலேயே இருத்தல், இடையிடையே விடுதல், அளவைத் தாமே குறைத்துக்கொள்ளுதல், சில மாதங்களில் முற்றாக நிறுத்திவிடுதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். மருந்து உட்கொள்ளாதவர்களை அக்கறையற்றவர்கள் என்றோ அறியாதவர்கள் என்றோ கருதுவது பொது வழக்கம். ஆனால் ஒவ்வொருவரும் மருந்தை விட்ட இடத்தை உற்று நோக்கினால், அங்கே பெரும்பாலும் புரிந்துகொள்ளத்தக்க ஒரு காரணம் இருப்பதையும், அக்காரணங்களிற் பல மாற்றத்தக்கவை என்பதையும் காணலாம். இக்கட்டுரை மதுரை நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சிக்கலை விளக்குகின்றது.

சிக்கலின் அளவு

நீண்டகால நோய்களுக்கான மருந்தைக் கடைப்பிடித்தல் பற்றி உலக சுகாதார அமைப்பு 2003 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த நாடுகளிலேயே இத்தகைய நோயாளிகளில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினர் மட்டுமே மருந்தை முறையாகக் கடைப்பிடிக்கின்றனர் என்றும், வளரும் நாடுகளில் இந்த அளவு இன்னும் குறைவு என்றும் அவ்வறிக்கை கூறியது. மாத்திரைப் புட்டியின் மூடியில் மின்னணுக் கருவி பொருத்திச் செய்யப்பட்ட ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2008 இல் வெளியானது. நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டுமே மருந்து எழுதித் தரப்பட்டவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் அதனை நிறுத்திவிட்டிருந்தனர் என்பது அதன் முடிவு.

தமிழ்நாட்டில் 2020 இல் நடத்தப்பட்ட மாநில அளவிலான கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. எஞ்சியோர் அனைவரும் மருந்தை விட்டவர்கள் என்று கொள்ளலாகாது. தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்களும், அறிந்தும் மருத்துவம் தொடங்காதவர்களும் அவர்களுள் அடங்குவர். நோயறிதல், மருத்துவம் தொடங்குதல், தொடர்தல் என்னும் மூன்று படிகளிலும் மக்கள் நழுவுகின்றனர். இக்கட்டுரை மூன்றாவது படியைப் பற்றியது.

நோயின் இயல்பு

ஓய்வு நிலையில் பல முறை அளந்தும் இரத்த அழுத்தம் 140/90 மில்லிமீட்டர் பாதரசம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம் எனப்படும். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானவர்களுக்கு இதற்கெனத் தனியொரு மூல காரணத்தைக் காட்ட இயலாது. மருந்து அழுத்தத்தைக் குறைத்து வைக்குமே தவிர, மூலத்தை நீக்குவதில்லை. மருந்து உடலில் இருக்கும் வரை அழுத்தம் குறைந்திருக்கும். நிறுத்தினால் நாட்களிலோ வாரங்களிலோ பழைய நிலைக்கு ஏறும். எனவே பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டியுள்ளது.

இந்நோய் பல ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் இன்றி இருக்கக்கூடியது. அக்காலத்தில் மூளை, இதயம், சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் இரத்தக் குழாய்கள் சிறிது சிறிதாகச் சிதைகின்றன. 40 முதல் 69 வயதினரில், மேல் அழுத்தம் 20 மில்லிமீட்டர் கூடும் ஒவ்வொரு முறையும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகின்றது என 2002 இல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு காட்டியது. மறுபுறம், மேல் அழுத்தத்தை மருந்தால் 10 மில்லிமீட்டர் குறைத்தால் பக்கவாதம் ஏறத்தாழ 27 விழுக்காடும், இதயச் செயலிழப்பு 28 விழுக்காடும், எக்காரணத்தாலும் நேரும் இறப்பு 13 விழுக்காடும் குறைகின்றன என 2016 இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு கண்டது. உழைத்துக் குடும்பம் காக்கும் வயதில் ஒருவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால், அவரோடு அவரைக் கவனிக்கும் இன்னொருவரின் வருவாயும் நின்றுபோகின்றது. நாளொரு மாத்திரையை விடுவதன் உண்மையான விலை இதுவே.

பெயரும் அது தரும் பொருளும்

உயர் இரத்த அழுத்தம் தமிழில் நெடுங்காலமாக இரத்தக் கொதிப்பு என்று வழங்கப்பட்டு வருகின்றது. பேச்சு வழக்கில் இது பி.பி. அல்லது பிரஷர் எனப்படுகின்றது. கொதிப்பு என்னும் சொல் சூட்டையும் சினத்தையும் ஒருங்கே நினைவூட்டுவது. கோபம் கொண்டால் ஏறுவது, தணிந்தால் இறங்குவது, ஏறும்போது தலைச்சுற்றலாலும் படபடப்பாலும் தன்னைக் காட்டிக்கொள்வது என்ற விளக்கம் அப்பெயரிலேயே பொதிந்துள்ளது. "இன்றைக்குப் பிரஷர் ஏறவில்லை" என்று ஒருவர் தம் உடலின் உணர்வைக் கொண்டே முடிவு செய்து அன்றைய மாத்திரையை விடுவதற்கு இவ்விளக்கம் இடமளிக்கின்றது. சினமும் கவலையும் அழுத்தத்தைச் சிறிது நேரத்துக்கு உயர்த்துவது உண்மையே. ஆயினும் நோய் என்பது அமைதியான நேரத்திலும் நீடிக்கும் அழுத்தமாகும். தலைவலியோ தலைச்சுற்றலோ இல்லாமையைக் கொண்டு அழுத்தம் சீராக இருப்பதாக முடிவு செய்ய இயலாது. கருவி கொண்டு அளப்பதே ஒரே வழி.

மதுரை வட்டாரத்தின் மருத்துவச் சூழல்

மதுரை அரசு இராசாசி மருத்துவமனை முன்னர் எர்ஸ்கின் மருத்துவமனை என்று அழைக்கப்பட்டது. 1954 இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த இம்மருத்துவமனைக்கு மதுரை மாவட்டத்தினர் மட்டுமன்றித் தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டத்தினரும் வருகின்றனர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி முதலிய ஊர்களில் அரசு மருத்துவமனைகளும், சிற்றூர்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. இவற்றுடன் தனியார் மருத்துவமனைகள், தெருமுனைச் சிறு மருத்துவர்கள், மருந்துக்கடைகள், சித்த மருத்துவர்கள், நாட்டு மருந்துக்கடைகள் என ஒருவர் நாடக்கூடிய இடங்கள் பல. ஒரே நோயாளி ஓராண்டுக்குள் இவற்றுள் மூன்று நான்கு இடங்களுக்குச் சென்று வருவது இயல்பு.

அரசு மருத்துவ நிலையங்களில் இரத்த அழுத்த மருந்துகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. 1994 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மாநிலத்துக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியாகப் பகிர்ந்தளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆகவே மருந்தின் விலை மட்டுமே காரணமாக இருந்திருப்பின், அரசு மருத்துவம் பெறுவோரிடையே இச்சிக்கல் பெரிதும் குறைந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழாமையே ஏனைய காரணங்களை ஆராய வேண்டியதன் தேவையை உணர்த்துகின்றது.

காரணங்கள்

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. உலக சுகாதார அமைப்பின் 2003 அறிக்கை, மருந்து உட்கொள்ளாமைக்கான காரணங்களை நோயாளி, நோய், மருந்து, நலவாழ்வு அமைப்பு, சமூக பொருளாதார நிலை என ஐந்தாக வகுத்தது. இவ்விரு பகுப்புகளும் பெரிதும் ஒத்துள்ளன. இரண்டிலும் நோயாளி ஒரு கூறு மட்டுமே என்பது கருதத்தக்கது.

1. நோயாளியின் கணிப்பு

காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பழகிய மருத்துவ முறை, ஓர் ஊசியும் மூன்று நாள் மாத்திரையும் ஆகும். மாத்திரை தீரும்போது நோயும் தீர்ந்திருக்கும். இதே கணக்கை இரத்த அழுத்தத்துக்கும் பொருத்துபவர், ஒரு மாத மாத்திரை தீர்ந்ததும் அழுத்தம் 130/80 எனக் கண்டால் நோய் குணமாகிவிட்டதாகக் கொள்கின்றார். மருந்தால் விளைந்த நன்மையே மருந்தை நிறுத்தக் காரணமாகிவிடுகின்றது.

இதற்கு எதிரான கணிப்பும் உண்டு. மாத்திரை ஒன்றைத் தொடங்கினால் வாழ்நாள் முழுதும் விட முடியாது என்று அஞ்சித் தொடங்காமலேயே இருப்போரும், ஆங்கில மருந்து உடலுக்குச் சூடு, நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எண்ணி நாள்விட்டு நாள் உட்கொள்வோரும் உள்ளனர். கட்டுப்படாத இரத்த அழுத்தமே சிறுநீரகச் செயலிழப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பதால், சிறுநீரகத்தைக் காக்க எண்ணி மருந்தைக் குறைப்பவர் அதற்கு மாறான விளைவையே பெறுகின்றார்.

நாட்டு மருந்துக்கு மாறுவதும் ஒரு காரணமாகும். முருங்கைக்கீரை, பூண்டு முதலியவை உணவாக நன்மை தரலாம். ஆயினும் அவை எழுதித் தரப்பட்ட மருந்துக்கு ஈடாக நிறுவப்படவில்லை. இங்குக் கருத வேண்டியது மருந்து எங்கிருந்து வந்தது என்பதன்று. இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் பயன்பட்டுவந்த சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பது பற்றி மும்பை இதய மருத்துவர் உருசுத்தம் சால் வக்கீல் 1949 இல் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. 1952 இல் அவ்வேரிலிருந்து ரிசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டு, உலகெங்கும் மருந்தாகப் பயன்படுத்தப்பட்டது. அளவும் விளைவும் தீங்கும் அளந்தறியப்பட்டதாலேயே அது நம்பத்தக்க மருந்தாயிற்று.

2. மருந்தின் தன்மை

சில மருந்துகள் தொல்லை தருவதும் உண்மை. பொதுவாகப் பயன்படும் மருந்துகளும் அவற்றின் பக்க விளைவுகளும் பின்வருமாறு:

- அம்லோடிபின்: கணுக்கால் வீக்கம்
- எனாலாப்ரில்: வறட்டு இருமல்
- அட்டெனலால்: சோர்வு, சிலருக்கு ஆண்மைக் குறைவு
- ஐதரோகுளோரோதயசைடு முதலிய சிறுநீர்ப்பெருக்கிகள்: அடிக்கடி சிறுநீர் கழித்தல், சிலருக்கு உப்புச்சத்துக் குறைவு

நோய் எவ்வலியும் தராத நிலையில் மருந்து தொல்லை தந்தால், மருந்தே நோய் என்று தோன்றுவது இயற்கை. காலையில் உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பேருந்தேறி மதுரைக்கு வேலைக்கு வரும் பெண், வழியிலும் வேலையிடத்திலும் கழிப்பறை இல்லாத நிலையில் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரையை விட்டுவிடுவாரானால், அது அறியாமையால் விளைந்ததன்று. மேலே கூறப்பட்ட தொல்லைகளுள் பெரும்பாலானவற்றுக்கு மாற்று மருந்தோ மாற்று நேரமோ உண்டு. ஆனால் அதற்கு நோயாளி சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்க வேண்டும். ஆண்மைக் குறைவு போன்றவை கேட்கப்படாமலும் சொல்லப்படாமலும் போவதால் மருந்து மட்டும் நின்றுவிடுகின்றது.

மாத்திரையின் எண்ணிக்கையும் தோற்றமும்கூடக் கணக்கில் சேரும். இரத்த அழுத்தத்தோடு நீரிழிவும் உள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏழெட்டு மாத்திரைகள் வந்துவிடுகின்றன. ஒப்பந்தப்புள்ளி முறையில் மருந்து வாங்கும்போது தயாரிப்பாளர் மாறலாம். மாத்திரையின் நிறமும் வடிவமும் அதனோடு மாறும். எழுத்தறியாத நோயாளிக்கு நிறமே மருந்தின் பெயர். மாரடைப்புக்குப் பின் மருந்து உட்கொள்வோரிடையே அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வொன்றில், மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தை நிறுத்தும் வாய்ப்பு 34 விழுக்காடும், வடிவம் மாறியபோது 66 விழுக்காடும் கூடியிருந்தது.

3. மருத்துவரும் மருத்துவ நிலையமும்

நெரிசல் மிக்க புறநோயாளர் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அதற்குள் அழுத்தம் அளந்து, மருந்து எழுதி, அடுத்தவரை அழைத்தாக வேண்டும். இது வாழ்நாள் மருந்து, அழுத்தம் குறைந்த பின்னும் தொடர வேண்டும், இன்ன தொல்லை வந்தால் வந்து சொல்லலாம் என்ற மூன்று செய்திகளும் சொல்லப்படாமல் விடுபடுகின்றன. மருந்தை விட்டதைச் சொன்னால் திட்டு விழும் என்று அஞ்சும் நோயாளி, ஒழுங்காகச் சாப்பிடுவதாகவே சொல்கின்றார். பலர் பரிசோதனைக்குச் செல்லும் நாளை ஒட்டி மட்டும் மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வதும் உண்டு.

"சாப்பிட்ட பின் காலையில் ஒன்று" என்ற அறிவுரை எல்லோருடைய நாளுக்கும் பொருந்துவதில்லை. திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளில் மல்லிகை பயிரிடப்படுகின்றது. மதுரை மல்லி 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது. மொட்டு விரியும் முன் பறிக்க வேண்டியிருப்பதால் பூப்பறிப்போர் விடியலுக்கு முன்பே தோட்டத்துக்குச் சென்றுவிடுகின்றனர். அவர்கள் காலை உணவு உண்பது வீட்டிலன்று. மாத்திரை இருப்பதோ வீட்டில். அம்லோடிபின் போன்ற பல மருந்துகளை உணவுக்கு முன்னும் பின்னும் உட்கொள்ளலாம், இரவிலும் உட்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டாலே இத்தகையோரின் இடர் நீங்கிவிடும்.

4. உடனிருப்போர்

வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பிள்ளைகள் சென்றுவிட்ட வீடுகளில் முதியோர் தனித்து வாழ்கின்றனர். கண் பார்வை மங்கியவருக்கு அட்டையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை. அட்டையை வெட்டிச் சில மாத்திரைகளை மட்டும் தரும்போது பெயரும் காலாவதி நாளும் மறைந்துவிடுகின்றன. பெண்களைப் பொறுத்தவரை, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மருந்தை எடுத்துக் கொடுப்பவர் அவரே. அவருக்கு எடுத்துக் கொடுப்பவர் எவருமில்லை. வீட்டில் பணம் குறையும்போது முதலில் நிற்பதும் பெரும்பாலும் பெண்களின் மருந்தே.

5. வாழ்க்கைச் சூழல்

மருந்து இலவசம் என்றாலும் அதைப் பெறுதல் இலவசமன்று. புறநோயாளர் பிரிவு காலையில் இயங்குகின்றது. கூலி வேலையும் காலையில்தான் தொடங்குகின்றது. 2021 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தபோது பயணச் செலவு குறைந்தது. ஆனால் அன்றைய கூலியை இழப்பது குறையவில்லை. நடவு, களையெடுப்பு, அறுவடை நடக்கும் வாரங்களில் மருந்து தீர்ந்தாலும் எவரும் மருத்துவமனைக்குச் செல்வதில்லை. 2020 பொது முடக்கத்தின்போது பேருந்துகள் நின்றதால் இத்தொலைவு மேலும் கூடியது.

விரத நாட்களில் மாத்திரை உட்கொண்டால் விரதம் கெடும் என்றும், மது அருந்திய நாளில் மாத்திரை உட்கொண்டால் நஞ்சாகும் என்றும் கருதி அந்நாட்களில் விடுவோர் உளர். வாரம் ஒரு விரதம் இருப்பவர் ஆண்டுக்கு 52 நாள் மருந்து இழக்கின்றார். நீரோடு மாத்திரை உட்கொள்ள இடமளிக்கும் விரதங்களில் மருந்தைத் தொடரலாம். ரமலான் நோன்பு நோற்போருக்கு சஹர் நேரத்துக்கோ நோன்பு திறக்கும் நேரத்துக்கோ மருந்தை மாற்றித் தர இயலும். திருமணம், சித்திரைத் திருவிழா, வெளியூர்ப் பயணம் ஆகியவற்றின்போது மாத்திரையை மறந்து செல்வதும் பொதுவானது.

அறிவுரை மட்டும் போதுமா

நோயைப் பற்றி நன்கு விளக்கினால் நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்வார் என்பது பரவலான நம்பிக்கை. இதனைச் சோதித்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று கனடாவின் ஆமில்டன் நகர எஃகு ஆலைத் தொழிலாளரிடையே தாவீது சாக்கெட்டு, பிரையன் ஏன்சு ஆகியோரால் நடத்தப்பட்டு 1975 இல் வெளியானது. நோயைப் பற்றி முறையாகக் கற்பிக்கப்பட்டவர்கள் அதனைப் பற்றி மிகுதியாக அறிந்திருந்தனர். ஆனால் அவர்கள் மருந்து உட்கொள்வது மற்றவர்களைவிடக் கூடவில்லை. ஆலையிலேயே மருத்துவரைக் காண வசதி செய்தும் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. அதன் பின் 1976 இல் வெளியான ஆய்வில், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர்களுக்கு வீட்டிலேயே அழுத்தம் அளக்கக் கருவி தரப்பட்டது. மாத்திரை உட்கொண்டதைக் குறிக்க அட்டை தரப்பட்டது. மாத்திரை நேரம் அன்றாடப் பழக்கம் ஒன்றோடு இணைக்கப்பட்டது. இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒருவர் அவர்களைச் சந்தித்து ஊக்கினார். இம்முறை பயன் தந்தது. அறிவு தேவையே, ஆனால் அறிவு மட்டும் நாள்தோறும் மாத்திரையைக் கைக்குக் கொண்டுவந்து தருவதில்லை.

மதுரையில் இதற்கு ஒப்பான பாடம் கண் மருத்துவத்தில் உண்டு. கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அறுவை மருத்துவத்தை இலவசமாக்கினால் மட்டும் சிற்றூர் மக்கள் வருவதில்லை என்பதைக் கண்டது. முகாமில் கண்புரை கண்டறியப்பட்டோரைப் பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் அளித்து, அறுவைக்குப் பின் ஊரில் கொண்டுவிடும் முறை அதன்பின் உருவாயிற்று. கண்புரைக்கு ஒருமுறை வந்தால் போதும். இரத்த அழுத்தத்துக்கோ ஆண்டுக்கு 365 நாளும் மருந்து வேண்டும். எனவே இங்குத் தடைகளை நீக்குவதும் ஒருநாள் வேலையாக இருக்க முடியாது.

விளைவுகள்

பக்கவாதம், மாரடைப்பு முதலியவற்றோடு வேறு சில விளைவுகளும் உள்ளன.

- போலி எதிர்ப்பு: மருந்தை உட்கொள்ளாததால் அழுத்தம் உயர்ந்திருப்பதை அறியாத மருத்துவர், மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டுகின்றார் அல்லது இன்னொரு மருந்தைச் சேர்க்கின்றார். பின்னர் ஒரு நாள் நோயாளி அனைத்தையும் ஒழுங்காக உட்கொண்டால் அழுத்தம் மிகையாகக் குறைந்து மயங்கி விழ நேரலாம்.
- மீளெழுச்சி: குளோனிடின் மருந்தைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட உயரலாம். இதய நோய் உள்ளவர்கள் அட்டெனலால் வகை மருந்துகளைத் திடீரென நிறுத்துவது மாரடைப்புக்கு வழிவகுக்கலாம்.
- நம்பிக்கை இழப்பு: மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் டைக்குளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வோருக்கு இரத்த அழுத்தம் உயரக்கூடும். வயல் வேலையும் கட்டட வேலையும் செய்வோரிடையே இப்பழக்கம் மிகுதி. இதை எவரும் சொல்லாதபோது, ஒழுங்காக மருந்து உட்கொண்டும் பயனில்லை என்று எண்ணி அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர்.

அளவிடும் முறைகள்

மருந்து உட்கொள்ளலை அளக்க மாத்திரைகளை எண்ணுதல், மருந்து வாங்கிய நாட்களைப் பதிவேட்டில் பார்த்தல், வினாக்கள் கேட்டல், மின்னணு மூடி, சிறுநீரில் மருந்தின் தடயத்தைச் சோதித்தல் ஆகிய முறைகள் உள்ளன. நான்கு வினாக்கள் கொண்ட மொரிசுக்கி வினாப்பட்டியல் 1986 இல் வெளியிடப்பட்டது. பொதுவாக 80 விழுக்காடு நாட்களுக்கு மேல் மருந்து கைவசம் இருந்தால் கடைப்பிடிப்பு நிறைவானதாகக் கொள்ளப்படுகின்றது. ஆயினும் ஒருவர் மருந்து வாங்கியதைப் பதிவேடு காட்டுமேயன்றி உட்கொண்டதைக் காட்டாது. எளிய மருத்துவ நிலையத்தில் மிகப் பயனுள்ள முறை, குற்றஞ்சாட்டாத வினா ஒன்றாகும்: "எல்லோருக்கும் சில நாள் விட்டுப்போகும், போன வாரத்தில் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போயிற்று?"

மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள்

உலக வங்கி உதவியுடன் 2005 இல் தொடங்கிய தமிழ்நாடு நலவாழ்வு அமைப்புத் திட்டத்தின் கீழ், மதுரையை அடுத்துள்ள சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் உயர் இரத்த அழுத்தத்தைக் கண்டறிந்து மருத்துவம் செய்யும் முன்னோட்டத் திட்டம் 2007 முதல் 2010 வரை நடத்தப்பட்டது. வேறு நோய்க்காக வரும் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கும் அழுத்தம் அளப்பது இதன் முதன்மைக் கூறு. 2012 முதல் இத்திட்டம் மாநில அளவில் விரிவாக்கப்பட்டு, தொற்றா நோய்களுக்கெனச் செவிலியர்கள் அமர்த்தப்பட்டனர்.

நோயாளி மருந்தைத் தேடி வருவதற்கு மாறாக மருந்து நோயாளியைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற கருத்தில், மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. முதலில் தொடங்கப்பட்ட மாவட்டங்களுள் மதுரையும் ஒன்று. மகளிர் தன்னுதவிக் குழுக்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தம் அளந்து, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வழங்கும் முறை இதில் ஏற்படுத்தப்பட்டது. 2024 இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்த் தடுப்புப் பணிக்குழு விருது அளிக்கப்பட்டது. கூலி இழப்பு, தொலைவு, துணையின்மை ஆகிய தடைகளை இம்முறை நேரடியாகக் குறைக்கின்றது. பக்க விளைவு, மருந்தின் மீதுள்ள அச்சம், பல இடங்களில் மருத்துவம் பெறுதல் ஆகியவற்றுக்கு வீட்டுக்கு மாத்திரை வருவது மட்டும் தீர்வாகாது. வருபவர் கேட்டறிந்து மருத்துவரிடம் தெரிவிப்பதைப் பொறுத்தே அவை தீரும்.

தமிழ்நாட்டோடு ஒத்த சூழல் கொண்ட இலங்கையில் நடந்த இரு ஆய்வுகள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கி 700 பேரிடம் சோதித்த ஆய்வு 2018 இல் வெளியானது. ஆறு மாதத்தில் கூட்டு மாத்திரை பெற்றோரில் 70 விழுக்காட்டினரும், வழக்கமான மருத்துவம் பெற்றோரில் 55 விழுக்காட்டினரும் இலக்கை எட்டினர். வங்காளதேசம், பாக்கித்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் சிற்றூர்களில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீட்டுக்குச் சென்று அழுத்தம் அளந்து அறிவுரை கூறிய ஆய்வு 2020 இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் அவ்வூர்களில் மேல் அழுத்தம், ஒப்பிடப்பட்ட ஊர்களைவிட ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்தது. உலக சுகாதார அமைப்பு 2019 இல் கூட்டு மாத்திரைகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நோயாளிகள் கவனிக்கத்தக்கவை

- அழுத்தம் சீரானது மருந்தால். மருந்து தேவைப்படாததால் அன்று. குறைக்கவோ நிறுத்தவோ விரும்பினால் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.
- ஒரு வேளை விட்டுப்போனால் அன்றே நினைவு வரும்போது உட்கொள்ளலாம். மறுநாள் ஆகிவிட்டால் இரட்டிப்பாக உட்கொள்ளலாகாது.
- பல் துலக்குதல், இரவு உணவு போன்ற மாறாத பழக்கம் ஒன்றோடு மாத்திரையை இணைத்தல் நன்று.
- மாத்திரையின் நிறம் மாறியிருந்தால், உட்கொள்ளாமல் விடுவதற்கு முன் மருந்தாளுநரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.
- உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்தும் வலி மாத்திரையும் உட்பட, ஒரே பையில் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.
- ஊறுகாய், அப்பளம், கருவாடு முதலியவற்றைக் குறைப்பது மருந்துக்குத் துணை, மாற்றன்று. மாத்திரை உட்கொள்வதால் உப்பைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதும் பிழை.
- எனாலாப்ரில், லோசார்ட்டன் ஆகியவை கருவுக்குத் தீங்கானவை. கருவுற்றவர்கள் உடனே மருத்துவரிடம் தெரிவித்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.
- முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், மார்பில் அழுத்தும் வலி ஆகியவை தோன்றினால் 108 அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது

மருந்து உட்கொள்ளாமையைக் குறிக்க முன்னர் மருத்துவ உலகில் கீழ்ப்படியாமை என்னும் பொருள் தரும் சொல்லே வழங்கியது. மருத்துவர் ஆணையிடுபவர், நோயாளி பணிபவர் என்ற கருத்து அதில் இருந்தது. 2003 அறிக்கை, நோயாளி உடன்பட்டு ஏற்றுக்கொண்ட மருத்துவத்தைக் கடைப்பிடித்தல் என்று அதனை மாற்றி வரையறுத்தது. இவ்வரையறையின்படி, உடன்பாடு பெறப்படாத இடத்தில் மீறலும் இல்லை. மருந்தை விட்ட நோயாளியிடம் ஏன் விட்டீர்கள் என்று அதட்டுவதால் கிடைப்பது பெரும்பாலும் பொய்யான விடையே. எங்கே விட்டுப்போகின்றது என்று கேட்டால் வேலை நேரம், கால் வீக்கம், தீர்ந்துபோன மாத்திரை, மாறிய நிறம் என மாற்றத்தக்க ஒரு காரணம் கிடைக்கின்றது. பக்கவாதம் வருமுன் அக்காரணத்தை அறிந்து மாற்றுவதில் நோயாளிக்கு உள்ள பொறுப்பு மருத்துவருக்கும், மருந்தாளுநருக்கும், வீட்டாருக்கும், அரசுக்கும் உண்டு.